ஆள் போகும் முன் அவருடைய திசு போகட்டுமா? தொலைவிண்வெளியும் திசுச் சில்லுகளும்

வானக்கூரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சில வாரங்களாக என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

அப்போலோ காலத்தில், 1968 முதல் 1972 வரை, பூமியின் காந்தப்புலக் காப்பைத் தாண்டி நிலா வரை போய் வந்தவர்கள் மொத்தம் 24 பேர். அதில் மிக நீண்ட பயணமான அப்போலோ 17 பன்னிரண்டரை நாளில் முடிந்துவிட்டது. செவ்வாய்க்குப் போய்த் திரும்ப 3 ஆண்டை ஒட்டி ஆகும். பன்னிரண்டு நாள் அனுபவத்தை நம்பி ஒருவரை 3 ஆண்டுக்கு எப்படி அனுப்புவது?

இதற்கு ஒரு வழியாகத் திசுச் சில்லுகளைச் சொல்கிறார்கள். பென் டிரைவ் அளவுள்ள ஒரு சின்னப் பொருள். உள்ளே மெல்லிய கால்வாய்கள், அவற்றில் உயிருள்ள மனித செல்கள், அவற்றின் மேல் ஊட்டக்கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். நிலாவைச் சுற்றிவரும் ஆர்ட்டெமிஸ் 2 பயணத்துக்காக நாசா வகுத்த ‘அவதார்’ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பயணிக்கும் நான்கு பேர் தந்த ரத்தத்திலிருந்தே செல்களைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் எலும்பு மஜ்ஜைச் சில்லு செய்து, ஒரு தொகுதியை அவர்களுடன் கப்பலில் வைப்பது, இன்னொன்றைத் தரையில் வைத்திருப்பது, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது என்பது திட்டம்.

ஆள் போவதற்கு முன்னால் அவருடைய திசு போய்வர வேண்டும், இனி அதுதான் முறையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அளவுகோல்

கதிர்வீச்சு அளவீடு என் துறை, அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

விண்வெளி நிலையத்தில் ஓராண்டு இருந்தவர்களை வைத்து ஏன் முடிவு கட்ட முடியாது என்று முதலில் பார்ப்போம். நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் காந்தப்புலம் அங்கே இன்னும் காவல் நிற்கிறது. அதைத் தாண்டினால் அண்டத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நேராக வந்து விழும். 2011 கடைசியில் கிளம்பிய நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய் போகும் வழியிலேயே கதிர்வீச்சை அளந்துகொண்டு போனது. நாளுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரின் பாதிப்பை அளக்கும் அலகு). போகவும் வரவும் மட்டுமே 660 மில்லிசீவர்ட் ஆகும் என்று 2013-ல் கணக்கு வெளியானது. செவ்வாய்த் தரையில் தங்குவது இதில் சேராது. தரையில் வாழும் நமக்கு இயற்கையாக ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது சராசரியாக 2.4 தான். நாசா ஒருவருடைய பணிக்காலம் முழுவதற்கும் வைத்திருக்கும் உச்சவரம்பு 600.

நிலாவும் பாதுகாப்பான இடம் இல்லை. சீனாவின் சாங்கே 4 கலம் நிலாத் தரையில் அளந்தது நாளுக்கு 1.37 மில்லிசீவர்ட்.

ஆனால் அளவை மட்டும் பார்த்தால் போதாது, கதிரின் தன்மை வேறு. எக்ஸ்ரே என்பது சாரல் மழை மாதிரி, எல்லா இடத்திலும் ஒரே சீராக நனைக்கும். காஸ்மிக் கதிரில் பெரும்பங்கு புரோட்டான், அடுத்து ஹீலியம். நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள் வருகின்றன. அவை ஆலங்கட்டிகள். ஒரு செல்லைத் துளைத்துப் போகும்போது டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் அருகருகே பல இடங்களில் அறுத்துவிடும். செல்லால் அதைச் சரியாக ஒட்டுப்போட முடிவதில்லை. சுவரைத் தடிமனாக்கினால் போதாதா என்று கேட்பார்கள். அந்தக் கருக்கள் சுவரில் மோதிச் சிதறும்போது நியூட்ரான் உள்ளிட்ட புதுத் துகள்கள் கிளம்புகின்றன, அவற்றுக்கும் சேர்த்துத்தான் விடை தேட வேண்டும்.

இந்தக் கலவையைத் தரையில் உண்டாக்க அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் நாசாவுக்கு ஒரு கூடம் 2003 முதல் இருக்கிறது. வெவ்வேறு அணுக்கருக்களையும் ஆற்றல்களையும் கொண்ட 33 கற்றைகளை வரிசையாக மாற்றி மாற்றிப் பாய்ச்சுவார்கள். அங்கே மனிதரை வைக்க முடியாது, திசுவை வைக்கலாம். அந்த வகையில் வானக்கூரை சொல்வதோடு ஒத்துப்போகிறேன்.

பெட்ரித்தட்டு

நான் பல ஆண்டு செல் வளர்ப்பில் வேலை செய்தவள். இந்தச் சில்லுகள் எப்படி உருவாகின்றன என்று எழுதினால் மற்றவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடி, 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாகா செய்தது. வளர்ந்து முடிந்த ஒரு சாதாரண செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவின் தொடக்க நிலையில் இருப்பது போன்ற குருத்தணுவாகத் திருப்பிக் காட்டினார். முதலில் எலியில், மறு ஆண்டு மனித செல்லில். 2012-ல் நோபல் கிடைத்தது. இதன் பிறகு ஒருவருடைய ஒரு குப்பி ரத்தம் இருந்தால் போதும், அவருடைய இதயத்தசை, ஈரல் செல், நரம்பு எல்லாவற்றையும் வெளியே வளர்க்கலாம். இன்னொரு பக்கம், 2010-ல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் நுரையீரல் சில்லு வந்தது. நடுவே ஒரு நுண்துளைச் சவ்வு, மேலே காற்று, கீழே திரவம், பக்கத்து அறைகளில் உறிஞ்சல் கொடுத்தால் சவ்வு இழுபட்டுச் சுருங்கும், மூச்சு விடுவது மாதிரியே. தட்டையான தட்டில் சும்மா கிடக்கும் செல்லும் இப்படி இழுபடும் செல்லும் நடந்துகொள்வதில் பெரிய வேறுபாடு உண்டு.

குருத்தணுவிலிருந்து வந்த இதயத்தசை செல்கள் முதல் முறை துடிப்பதை நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த நாள் இன்றும் நினைவிருக்கிறது. யாரும் தூண்டவில்லை. ஒரு மூலையில் லேசாக ஒரு அசைவு, அப்புறம் அதன் பக்கத்தில் ஒன்று, இரண்டு நாளில் மொத்தத் தட்டும் ஒரே தாளத்தில் துடித்தது. அதைப் பார்த்த பிறகு ‘வெறும் செல்’ என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

ஆனால் அந்தத் திசு எவ்வளவு மென்மையானது என்பதையும் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் ஒரு ராத்திரி இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. காலையில் ஊட்டக்கரைசல் நிறம் மாறிக் கிடந்தது. ஆறு வார உழைப்பு போயிற்று, நான் அன்று அழுதேன். தரையில் நிலைமை இதுவென்றால், ராக்கெட்டின் அதிர்வைத் தாங்கி, 37 பாகை வெப்பம் மாறாமல், எடையற்ற இடத்தில் இதே திசுவைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று நினைத்துப் பாருங்கள். அங்கே காற்றுக்குமிழி மேலே எழும்பிப் போகாது. முடியளவுக் கால்வாயில் ஒரு குமிழி மாட்டினால் அந்தப் பக்கத்துத் திசுவுக்குச் சோறு தண்ணீர் நின்றுவிடும். முதல் தொகுதிச் சில்லுகள் 2018 டிசம்பரில் நிலையத்துக்குப் போயின. 2019-ல் சிறுநீரகம், நுரையீரலும் மஜ்ஜையும் சேர்ந்தது, எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்தது, ரத்த-மூளைத் தடுப்பு என்று வரிசையாகப் போயின. இவை போய்ச் சேர்ந்து உயிரோடு இருந்ததையே நான் பெரிய செய்தியாக நினைத்தேன்.

மறுபக்கம்

எல்லாம் சரி, ஆனால் ஒரு கேள்வி.

2020-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 48 இதயத் திசுக்களை நிலையத்துக்கு அனுப்பி 30 நாள் வைத்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. தரையில் இருந்தவற்றோடு ஒப்பிட்டால் சுருங்கும் வலு பாதி ஆகிவிட்டது. துடிப்பின் தாளம் கெட்டு, ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஐந்து மடங்கு வரை நீண்டது. படித்தால் பயமாக இருக்கிறது. ஆனால் 30 நாள் அங்கே இருந்த எந்த மனிதருடைய இதயமும் பாதி வலுவுக்கு வந்ததில்லையே. நாசா வீரர் ஸ்காட் கெல்லி 340 நாள் இருந்தார். அவருடைய இடக்கீழறையின் நிறை கால் பங்குக்கு மேல் குறைந்தது, உண்மைதான். ஆனால் ரத்தத்தை வெளியேற்றும் வேலை நன்றாகவே நடந்தது.

அப்படியானால் சில்லு சொன்ன ‘பாதி’ எதைப் பற்றியது? நடந்த ஒன்றையே இவ்வளவு தள்ளிச் சொல்லும் கருவி, யாரும் போகாத செவ்வாயைப் பற்றிச் சொல்வதை எதை வைத்து நம்புவது?

பெட்ரித்தட்டு

மறுபக்கம், இது சரியான இடத்தில் வைத்த கேள்வி. நானும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

சில்லில் இருக்கும் இதயத்துக்கு நரம்பு இல்லை, ஹார்மோன் இல்லை. நிறைத்துத் தள்ள வேண்டிய ரத்தம் இல்லை. முக்கியமாக, நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடவும் எடை இழுக்கவும் வைக்க ஆள் இல்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டிய ஒரு தசைப்பட்டை அது. புவியீர்ப்பு போனால் தசை செல் தானாக என்ன செய்யும் என்பதை மட்டும் அது சொல்கிறது. கெல்லியின் இதயம் சொல்வது, அதே செல்களுக்கு உடலும் உடற்பயிற்சியும் சேர்ந்து முட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை. என் பார்வையில் நமக்கு வேண்டிய தகவலே இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான். முட்டு விலகினால், அதாவது ஒருவர் நோயில் படுத்து ஒரு மாதம் பயிற்சி செய்ய முடியாமல் போனால், விழப்போகும் திசை எது என்று சில்லு முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

இன்னொன்று. வலு குறைந்தது என்பதோடு அந்த ஆய்வு நிற்கவில்லை. தசையின் சுருங்கும் அலகுகள் குட்டையாகி ஒழுங்கு கலைந்திருந்தன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பருத்து, உருண்டு, உள்மடிப்புகளை இழந்திருந்தன. உயிரோடு இருக்கும் ஒரு வீரரின் இதயத்திலிருந்து துண்டு வெட்டி இதைப் பார்க்க முடியுமா? தரைக்கு வந்தபின் தாளம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியதையும் பார்த்தார்கள். அதனால்தான் 2023-ல் அடுத்த தொகுதியை அனுப்பியபோது மருந்துகளையும் சேர்த்து அனுப்ப முடிந்தது.

இளந்தளிர்

நான் கல்லூரி மாணவி. அக்கா, ஒரு சந்தேகம். எலிகளை அனுப்பலாமே? எலிக்கு முழு உடம்பும் இருக்கிறதே, நரம்பு, ஹார்மோன் எல்லாம்?

பெட்ரித்தட்டு

அனுப்புகிறார்கள், தளிர். நிறுத்தவும் கூடாது. செவ்வாய்ப் பயணத்துக்கு இணையான காஸ்மிக் கதிரை எலிகளுக்குக் கொடுத்துச் சிறுநீரகச் சேதத்தைக் கண்டது 2024-ல் வந்த ஒரு முக்கியமான ஆய்வு. முழு உடம்பு இருந்ததால்தான் அது தெரிந்தது. ஆனால் எலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கிறது, நம்முடையது 70 அல்லது 80. அந்த வேகத்துக்கு ஏற்ப அதன் மின்னோட்ட அமைப்பே வேறு. தாளக்கோளாறு பற்றி எலியைக் கேட்டால் கிடைக்கும் பதில் எலிக்கே உரியது. ஆய்வக எலியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுதான், நம் செவ்வாய்ப் பயணம் அதற்கு முழு வாழ்நாள். நான் எலியையும் சில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பேன்.

இரவுப்பணி

புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். அவதார் ஆய்வில் ஏன் மஜ்ஜையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் எழுதவில்லை, அதைச் சொல்கிறேன்.

மஜ்ஜை ஓயாத தொழிற்சாலை. ஒவ்வொரு நொடியும் லட்சக்கணக்கில் புதிய ரத்த செல்களைச் செய்துகொண்டே இருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கதிர் முதலில் அடிக்கும். கதிர் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வாரா வாரம் ரத்த எண்ணிக்கை பார்ப்பது அதனால்தான். வெள்ளணு சரிந்தால் அடுத்து வருவது தொற்று. செவ்வாய்ப் பயணத்தில் பூமியோடு பேச ஒரு பக்கத்துக்கே 3 முதல் 22 நிமிடம் ஆகும். தொற்று முற்றினால் திரும்பி வர வழி கிடையாது.

இன்னொன்றை என் வார்டில் தினமும் பார்க்கிறேன். ஒரே வயது, ஒரே நோய், ஒரே கதிர் அளவு. ஒருவர் மூன்றாம் வாரமும் நடந்து வந்து சிகிச்சை எடுத்துப் போவார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போயிருக்கும். சராசரியை நம்பி நான் யாருக்கும் மருந்து எழுத முடியாது. ஒரு கப்பலில் போவது நான்கு பேர். நான்கு பேருக்குச் சராசரி என்று ஒன்று இருந்து என்ன பயன்? அவரவர் செல்லிலேயே சோதிப்பது என்பது எனக்கு மருத்துவமாகப் படுகிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோர்டானா வுன்யாக்-நோவாகோவிச் குழு செய்ததையும் தேடிப் படியுங்கள். மஜ்ஜை, இதயத்தசை, ஈரல் மூன்றையும் ரத்தக்குழாய் போன்ற ஓட்டத்தால் இணைத்து, நியூட்ரான் கதிரை ஒரு தொகுதிக்குச் சட்டென்றும் இன்னொன்றுக்கு நாள்கணக்கில் மெல்லமெல்லப் பரப்பியும் கொடுத்தார்கள். விண்வெளியில் நடப்பது இரண்டாவது வகை. காப்பாகச் சோதித்த மருந்து ஜி-சிஎஸ்எஃப், வெள்ளணுவைப் பெருக்க நாங்கள் வார்டில் வழக்கமாகப் போடும் அதே ஊசி. அதைப் படித்தபோது என் கையில் இருக்கும் குப்பிக்கு இவ்வளவு தூரம் வேலை இருக்கிறதா என்று நெகிழ்ந்துவிட்டேன்.

மறுபக்கம்

இதயத்தைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ‘இடைவெளியே தகவல்’ என்று பார்க்க எனக்கு முன்பு தோன்றியிருக்கவில்லை.

ஆனால் இரண்டு கவலைகள் இன்னும் போகவில்லை. ஒன்று, காலம். சில்லுகள் வழக்கமாக ஒரு மாதத்தை ஒட்டித்தான் நன்றாக வாழ்கின்றன. ஆறு மாதமாவது வாழ வைக்க வேண்டும் என்று நாசாவும் மற்ற அமெரிக்க அமைப்புகளும் சேர்ந்து நிதி ஒதுக்கியதே அதைக் காட்டுகிறது. கதிரால் வரும் புற்றுநோய் பத்து, இருபது ஆண்டு கழித்துத் தலைகாட்டும். அதை எந்தச் சில்லில் பார்ப்பது? இரண்டாவது, பொருள். பல சில்லுகள் பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோனால் ஆனவை. அது சில மருந்து மூலக்கூறுகளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டினால், உண்மையில் அது திசுவுக்குப் போய்ச் சேரவே இல்லாமலும் இருக்கலாம்.

பெட்ரித்தட்டு

இரண்டும் நியாயம். சிலிக்கோன் விஷயத்தில் கால்வாயின் முடிவில் வெளியேறும் திரவத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று அளந்தே ஆக வேண்டும். அளக்காமல் வெளியிட்ட முடிவை நான் நம்ப மாட்டேன். உறிஞ்சாத பிளாஸ்டிக்குகளுக்கும் பலர் மாறிவருகிறார்கள்.

காலம் கடினமான சிக்கல், அதற்குள் தடிமனும் ஒளிந்திருக்கிறது. ரத்த நுண்குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள திசுவை 30 நாள் வாழவைத்துக் காட்டுங்கள் என்று நாசா 2016-ல் பரிசுப் போட்டி அறிவித்தது. முப்பரிமாண அச்சில் ஈரல் திசு செய்து வேக் ஃபாரஸ்ட் குழுக்கள் 2021-ல்தான் முதல் இரண்டு இடங்களை வாங்கின. ஒரு சென்டிமீட்டருக்கே ஐந்து ஆண்டு.

இருபது ஆண்டு கழித்து வரும் புற்றுநோயைச் சில்லு காட்டாது, அதைக் காட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் சில வாரங்களில் டிஎன்ஏவில் விழும் தழும்புகளையும், அவற்றைச் செல் எவ்வளவு ஒழுங்காகச் செப்பனிடுகிறது என்பதையும் காட்டும்.

வானக்கூரை

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி சார் எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வராத கேள்வி ஒன்று வந்திருக்கிறது.

ஒரு வீராங்கனை பதினைந்து ஆண்டு உழைத்துப் பயணக்குழுவுக்குத் தேர்வாகிறார். அவருடைய மஜ்ஜைச் சில்லு மற்ற மூவருடையதைவிடக் கதிருக்கு மோசமாகச் சுருள்கிறது. அப்போது என்ன செய்வார்கள்? இடத்தைப் பறிப்பார்களா? ‘ஆள் போகும் முன் திசு போகட்டும்’ என்று நான்தான் உற்சாகமாக எழுதினேன். திசு தேர்வில் தோற்றால் ஆளும் தோற்றதாக ஆகிவிடுமா?

அளவுகோல்

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நாசாவின் கதிர் வரம்பு முன்பு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாறியது. மார்பு, கருப்பை சார்ந்த புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டிக் கணக்கிட்டதால் பெண்களுக்கு, அதிலும் இளம்பெண்களுக்கு, குறைந்த அளவே அனுமதி. அதன் விளைவு, ஒரே தகுதி இருந்தும் பெண்களுக்கு விண்வெளியில் கிடைத்த நாள்கள் குறைவு. 2022-ல் அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் 600 மில்லிசீவர்ட் என்று ஒரே வரம்பு வைத்தார்கள். 35 வயதுப் பெண்ணுக்கான கணக்கை அடிப்படையாக எடுத்து, அதையே எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அந்த நாளில் என் துறையில் பலர் மகிழ்ந்தோம்.

இப்போது சில்லை வைத்து ஆளுக்கு ஆள் வரம்பு என்று போனால், வாசல் வழியாக அனுப்பியதைக் கொல்லைப்புறம் வழியாக உள்ளே அழைப்பது ஆகும். சில்லின் முடிவு தேர்வுக்குழுவின் மேசைக்குப் போகவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இரவுப்பணி

அளவுகோலோடு முழுக்க உடன்படுகிறேன், ஆனால் முடிவு எங்குமே போகாமல் இருப்பதும் தவறு. அது கப்பல் மருத்துவரிடமும் சம்பந்தப்பட்டவரிடமும் போக வேண்டும். மருந்துப் பெட்டிக்கு எடை வரம்பு இருக்கிறது, எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. யாருடைய மஜ்ஜைக்கு எந்த மருந்து வேலை செய்கிறது, எந்த அளவில் நச்சாகிறது என்று சில்லில் முன்பே பார்த்துவிட்டால், அந்தப் பெட்டியை அந்த நான்கு பேருக்காகவே அடுக்கலாம். சூரியப் புயல் எச்சரிக்கை வரும்போது தடித்த காப்புள்ள அறையில் யார் உள்மூலையில் படுப்பது என்பதைக்கூட முடிவு செய்யலாம். 1972 ஆகஸ்ட்டில் அப்போலோ 16-க்கும் 17-க்கும் நடுவில் ஒரு பெரிய சூரியப் புயல் வந்தது. அன்று வழியில் யாரும் இல்லாதது நற்பேறு.

வானக்கூரை, உங்கள் வீராங்கனை போகட்டும். அவருடைய சில்லு சொன்னதைக் கேட்டு அவருக்கு இரண்டு குப்பி கூடுதலாக வைத்து அனுப்புவோம்.

வானக்கூரை

இதைத்தான் கேட்க விரும்பினேன், சார். தலைப்பில் இருக்கும் கேள்விக்குறியை முதலில் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். இப்போது விட்டுவைக்கிறேன்.

இளந்தளிர்

அக்கா, கடைசியாக ஒன்று. தரையில் இருக்கும் ஜோடிச் சில்லு என்ன ஆகும்? கப்பல் திரும்பிய பிறகு?

பெட்ரித்தட்டு

ஒப்பீடு முடியும் வரை அதற்கும் அதே நாளில் அதே ஊட்டக்கரைசல், அதே வெப்பம். பறந்த திசுவுக்கு 2020-ல் நிலையத்தில் நாசா வீராங்கனை ஜெசிகா மெய்ர் வாரம் ஒரு முறை கரைசல் மாற்றினார். தரையில் இருக்கும் ஜோடிக்கும் யாராவது அதே கணக்கில் மாற்றியாக வேண்டும். பிறகு இரண்டையும் பிரித்து, செல் செல்லாக எந்த மரபணு வேலை செய்கிறது என்று படிப்பார்கள். அத்தோடு அவற்றின் ஆயுள் முடியும். ஆனால் மூல செல்களில் ஒரு பகுதியை உறைநிலையில் வைத்துவிடலாம், தளிர். அந்த வீரருக்குப் பத்து ஆண்டு கழித்து உடம்புக்கு ஏதாவது வந்தால், அவர் கிளம்பும் முன் இருந்த செல்லை எடுத்து உருக்கி மறுபடி வளர்த்துப் பார்க்க முடியும். படிப்பை முடித்துவிட்டு வா, கரைசல் மாற்ற ஆள் எப்போதும் வேண்டும்.